கிராஞ்சியும் எஸ்பிளனேட் பூங்காவும்: எதிரெதிர் அணியில் நின்ற இரண்டு உறவினருக்கும் ஒரே நாளில் மலர் வைக்கலாமா?

ஈசூன் மகள் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். வரும் டிசம்பர் பள்ளி விடுமுறையில் என் அப்பாவையும் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, இங்கே சிங்கப்பூரில் இரண்டாம் உலகப் போரை நினைவுகூரும் இரண்டு இடங்களுக்கு, கிராஞ்சி போர் நினைவகத்துக்கும் எஸ்பிளனேட் பூங்காவில் உள்ள இந்திய தேசிய ராணுவ நினைவிடத்துக்கும், போய்வர எண்ணியிருக்கிறேன். வழி கேட்பதற்காக மட்டும் இதை எழுதவில்லை. எங்கள் குடும்பத்துக் கதையைச் சொன்னால்தான் கேள்வி விளங்கும்.

அப்பாவைப் பெற்ற தாத்தா ஜொகூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் மரம் சீவியவர். 1944ஆம் ஆண்டின் தொடக்கத்தில், இருபது வயது நிறைவதற்குள், இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து இங்கே பிடாடாரி முகாமில் பயிற்சி பெற்றாராம். பர்மா வரைக்கும் போய், மலேரியாவோடும் காலில் ஆறாத புண்ணோடும் திரும்பி வந்தார். அம்மா வழிப் பாட்டியின் மூத்த அண்ணனோ வட ஆற்காட்டிலிருந்து மெட்ராஸ் சாப்பர்ஸ் எனப்படும் பொறியாளர் படையில் சேர்ந்து, பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தோடு மலாயாவுக்கு வந்து, 1942 ஜனவரியில் காணாமற்போனார். உடல் கிடைக்கவில்லை. அவரைப் பற்றி எங்களிடம் இருப்பது, பாட்டியின் தகரப் பெட்டியில் நான்காக மடித்து வைத்திருந்த அரசாங்கத் தாள் ஒன்றுதான். மடிப்பு விழுந்த இடங்களில் எழுத்து அழிந்துபோய், படை எண் மட்டும் தெளிவாக இருக்கிறது.

ஆக, ஒருவர் பிரிட்டனோடு சேர்ந்து ஜப்பானை எதிர்த்தவர். மற்றவர் ஜப்பானோடு சேர்ந்து பிரிட்டனை எதிர்த்தவர். அப்பாவுக்கு இப்போது 78 வயது. நான் இந்தப் பயணத்தைப் பற்றிச் சொன்னதும், “முதலில் யாருக்குப் பூ வைப்பது?” என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. உயர்நிலை இரண்டில் படிக்கும் மகளும், “ஜப்பான்காரர்கள் இங்கே அத்தனை பேரைக் கொன்றார்கள் என்று பள்ளியில் படித்தோமே, கொள்ளுத் தாத்தா ஏன் அவர்கள் பக்கம் நின்றார்?” என்று கேட்கிறாள்.

இரண்டு இடங்களையும் ஒரே நாளில் பார்ப்பது முறையாக இருக்குமா? எஸ்பிளனேட் பூங்காவில் இருந்த மூல நினைவுச்சின்னத்தை இடித்துவிட்டார்கள் என்கிறார்கள். அப்படியென்றால் அங்கே இப்போது என்ன இருக்கிறது? கிராஞ்சியில் பெயரைத் தேடிக் கண்டுபிடிப்பது எப்படி? சூடம் ஏற்றலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.


சனிக்கிழமை நடை எழுதியது:

வணக்கம் சகோதரி. நான் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையாவது கிராஞ்சிக்குப் போகிறவன். முறையா என்று கேட்டிருக்கிறீர்கள். முறைதான் என்பது என் கருத்து. வரிசையைப் பற்றி அப்பா கவலைப்பட வேண்டாம். வெயிலே அதை முடிவு செய்துவிடும். கிராஞ்சி திறந்த மேடு, கல்லறை வரிசைகளுக்கு நடுவே நிழல் குறைவு. காலையிலேயே அங்கே போய்விடுங்கள். ஈசூனிலிருந்து வடக்கு தெற்கு ரயில் பாதையில் ஆறாவது நிலையம் கிராஞ்சி. பார்த்து முடித்ததும் அதே பாதையில் ரயில் மாறாமல் சிட்டி ஹால் வரை வந்துவிடலாம். எஸ்பிளனேட் பூங்கா அங்கிருந்து நடக்கும் தூரம். கிராஞ்சி நிலையத்திலிருந்து நினைவகத்துக்கும் நடந்து போகலாம் என்றாலும், அப்பாவின் வயதைக் கருதி வாடகை வண்டியில் போவது நல்லது. மேலே ஏறப் படிகள் இருப்பதால் கால்வலியைச் சேமித்து வைத்துக்கொள்வது அவருக்கு உதவும்.

பெயரை அங்கே போய்த் தேடாதீர்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் வீட்டிலிருந்தே தேடிப் பாருங்கள். சுவரில் எந்தத் தூணில் பெயர் இருக்கிறது என்பதை அது சொல்லிவிடும். நம் பெயர்களை அந்தக் காலத்து எழுத்தர்கள் தம் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிவைத்தார்கள். முனுசாமி என்ற ஒரு பெயரையே ஐந்தாறு விதமாகப் பார்த்திருக்கிறேன். உங்களிடம் படை எண் இருப்பது பெரிய பேறு. எழுத்து மாறினாலும் எண் மாறாது. சில பதிவுகளில் தந்தை பெயரும் ஊரும் மாவட்டமும்கூட இருக்கும். அதை வைத்து, இவர் நம்மவர்தான் என்று உறுதி செய்துகொள்ளலாம்.

உடல் கிடைக்கவில்லை என்கிறீர்கள். அப்படிப்பட்டவர்களின் பெயர்கள் இருப்பது கல்லறைகளில் இல்லை; மேட்டின் உச்சியில் உள்ள சிங்கப்பூர் நினைவகத்தின் சுவர்களில்தான். கல்லறை அறியப்படாத 24,000க்கும் மேற்பட்ட காமன்வெல்த் தரைப்படை, விமானப்படை வீரர்களின் பெயர்கள் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. கீழே சரிவில் 4,400க்கும் மேற்பட்டோரின் கல்லறைகள் இருக்கின்றன. அவற்றுள் 850க்கும் அதிகமானவை அடையாளம் தெரியாதவர்களுடையவை. 1957 மார்ச் 2ஆம் தேதி ஆளுநர் சர் ராபர்ட் பிளாக் திறந்துவைத்த அந்த நினைவகத்தைத் தொலைவிலிருந்து பார்த்தால் விமானச் சிறகு போலத் தெரியும். அருகில் போனால் ஒன்றுமட்டும்தான் தெரியும், பெயர்கள். படைப்பிரிவு வாரியாக, பதவி வாரியாக, அகரவரிசையில், மேலிருந்து கீழ் வரை நெருக்கமாகப் பொறித்திருப்பார்கள். முதல் முறை போனபோது எனக்குத் தெரிந்த ஊர்ப்பெயரோ சாதிப்பெயரோ சிக்குமா என்று தேடிக்கொண்டே நடந்தேன். அரை மணி நேரத்துக்குப் பிறகு தேடுவதை நிறுத்திவிட்டு வெறுமனே வாசிக்கத் தொடங்கினேன். பஞ்சாபியர், டோக்ராக்கள், கார்வாலிகள், ஜாட்கள், கூர்க்காக்கள், இடையிடையே நம்மவர்கள்.

ஒன்றைத் தவறவிடாதீர்கள். பிரதான நினைவகத்துக்குப் பின்புறமாகத் தகன நினைவிடம் ஒன்று இருக்கிறது. தங்கள் சமய வழக்கப்படி எரியூட்டப்பட்ட ஏறத்தாழ 800 பேரின் பெயர்கள் அங்கே உள்ளன. அவர்களில் பெரும்பாலோர் இந்தியப் படையினர். சுற்றுலாவாக வருகிறவர்கள் அந்தப் பக்கம் அதிகம் போவதில்லை. நம் பிள்ளைகள் அங்கே சற்று நேரமாவது நிற்க வேண்டும்.

சூடம் வேண்டாம் என்பது என் தாழ்மையான கருத்து. கல்லில் கரி படியும். அது எல்லா மதத்தவரின் பெயரும் இருக்கிற சுவர். உதிரிப்பூவோ சிறு மாலையோ போதும்.


தேக்கா தம்பி எழுதியது:

அக்கா, பூவை முதல் நாள் மாலையே தேக்காவில் (லிட்டில் இந்தியா) பஃபலோ சாலையில் வாங்கி, ஈரத் துணியில் சுற்றிக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்துவிடுங்கள். காலையில் தேக்காவுக்கு வந்துவிட்டு வடக்கே போவதென்றால் பாதி நாள் போய்விடும். மல்லிகை வெயிலில் வாடிவிடும், சாமந்தி தாங்கும்.


ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதியது:

அன்புள்ள அம்மா, உங்கள் மகள் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. நான் உயர்நிலைப் பள்ளியில் வரலாறு கற்பித்த காலத்தில் ஒவ்வோர் ஆண்டும் ஒரு பிள்ளையாவது அதைக் கேட்கும். சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இடத்தைப் பற்றிச் சொல்கிறேன். 1945 ஜூலை 8ஆம் தேதி நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் எஸ்பிளனேட் கடலோரத்தில் இந்திய தேசிய ராணுவ நினைவுச்சின்னத்துக்கு அடிக்கல் நாட்டினார். அதைக் கட்டி முடிக்கும் பொறுப்பை சிரில் ஜான் ஸ்ட்ரேசி என்ற அந்தப் படையின் அதிகாரியிடம் ஒப்படைத்தார். அதில் இத்திஃபாக், இத்மத், குர்பானி என்ற மூன்று சொற்கள் இருந்தன: ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம். ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. செப்டம்பர் தொடக்கத்தில் பிரிட்டிஷ் படை திரும்பி வந்தது. அதே மாதத்தில் தென்கிழக்காசியாவில் நேச நாட்டுப் படைகளின் தலைவராக இருந்த மவுண்ட்பேட்டனின் தலைமையகம் அந்தச் சின்னத்தை வெடி வைத்துத் தகர்த்தது. சில வாரங்களே அது நின்றது. அதற்குப் பிறகு அரை நூற்றாண்டு காலம் அந்த இடத்தில் எதுவும் இல்லை. போர் முடிந்து 50 ஆண்டுகள் நிறைந்த 1995இல்தான் தேசிய மரபுடைமைக் கழகம், தீவு முழுவதும் போர்க்கால இடங்களை அடையாளப்படுத்தியபோது, இங்கேயும் ஒரு நினைவுப் பலகையை வைத்தது. ஆகவே நீங்கள் அங்கே காணப்போவது, இடிக்கப்பட்ட ஒரு சின்னம் இருந்த இடத்தைக் காட்டும் அடையாளம். பெரிதாக ஏதோ இருக்கும் என்று பிள்ளைகள் எதிர்பார்த்து வந்து ஏமாந்துபோகாதபடி முன்பே சொல்லிவிடுங்கள்.

அதே பூங்காவில், கண்ணில் படும் தொலைவிலேயே, முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்காக 1922 மார்ச் 31ஆம் தேதி அன்றைய வேல்ஸ் இளவரசர் திறந்துவைத்த கல் நினைவுத்தூண் நிற்கிறது. இரண்டாம் உலகப் போருக்கான அர்ப்பணிப்பு பின்னர் அதன் மறுபக்கத்தில் சேர்க்கப்பட்டது. நாம் வாழ அவர்கள் உயிர் துறந்தார்கள் என்ற பொருளுள்ள வாசகம் நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் அதில் இருக்கிறது. தமிழ் வரியை உங்கள் இளையவனைக் கொண்டு வாசிக்கச் சொல்லுங்கள். ஒன்று தகர்க்கப்பட்டது, மற்றொன்று அப்படியே நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே சில நிமிட நடைதான். என் மாணவர்களுக்கு நான் சொன்ன எந்தப் பாடத்தைக் காட்டிலும் அந்தச் சில நிமிடங்கள் அதிகம் சொல்லியிருக்கும்.

இப்போது உங்கள் மகளின் கேள்விக்கு வருகிறேன். 1942 பிப்ரவரி 15ஆம் தேதி புக்கிட் தீமாவில் உள்ள ஃபோர்ட் தொழிற்சாலையில் பிரிட்டன் சரணடைந்தது. இரண்டு நாள் கழித்து, பிப்ரவரி 17ஆம் தேதி, இந்தியப் படைவீரர்களை மட்டும் தனியாகப் பிரித்து ஃபேரர் பார்க் திடலில் கூட்டினார்கள். ஏறத்தாழ 40,000 பேருக்கு மேல் இருந்தார்கள் என்பார்கள். அங்கே ஒரு பிரிட்டிஷ் அதிகாரி அவர்களை ஜப்பானியரின் கையில் ஒப்படைப்பதாக அறிவித்தார். எந்த மன்னருக்காக மலாயாவின் வடகோடியிலிருந்து சண்டையிட்டுப் பின்வாங்கி வந்தார்களோ, அந்த மன்னரின் அதிகாரியே கால்நடையைக் கைமாற்றுவதுபோல் தங்களைக் கைமாற்றினார் என்ற எண்ணம் அன்று அந்தத் திடலில் பலருக்கு எழுந்தது. அதைத் தொடர்ந்துதான் ஜப்பானிய மேஜர் ஃபூஜிவாராவும், பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்த கேப்டன் மோகன் சிங்கும் பேசினார்கள். இந்திய விடுதலைக்காக ஒரு படை அமைக்கப்படும், அதற்கு ஜப்பான் துணை நிற்கும் என்பது அவர்களின் அழைப்பு. பலர் சேர்ந்தார்கள், பலர் மறுத்தார்கள். மறுத்தவர்களுள் ஆயிரக்கணக்கானோரை ஜப்பானியர் நியூகினி, நியூபிரிட்டன் தீவுகளுக்குக் கப்பலில் அனுப்பிக் கட்டாய வேலை வாங்கினார்கள். அங்கே பட்டினியாலும் அடியாலும் மாண்டவர்கள் ஏராளம். கொடுத்த சொல்லைக் காப்பாற்றியவர்கள் அவர்கள். இதையும் மகளிடம் சொல்லுங்கள்.

சேர்ந்தவர்களும் கண்ணை மூடிக்கொண்டு சேரவில்லை. ஜப்பானியர் தம்மைக் கருவியாகப் பயன்படுத்துகிறார்கள் என்று கண்டதும் மோகன் சிங் முரண்பட்டார். 1942 டிசம்பரில் அவரை ஜப்பானியரே கைது செய்தார்கள். முதல் இந்திய தேசிய ராணுவம் கலைந்தது. 1943 ஜூலை 2ஆம் தேதி போஸ் சிங்கப்பூருக்கு வந்த பிறகுதான் அதற்கு மறுபடியும் உயிர் வந்தது. ஜூலை 4ஆம் தேதி கேத்தே கட்டடத்தில் ராஷ் பிஹாரி போஸிடமிருந்து இந்தியச் சுதந்திரச் சங்கத்தின் தலைமையை ஏற்றார். மறுநாள் பாடாங் திடலில் படையைப் பார்வையிட்டார். அக்டோபர் 21ஆம் தேதி சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசாங்கத்தை அறிவித்தார். ஜப்பானோடு சமமாக உட்கார்ந்து பேச, இந்தியர்களுக்குத் தமக்கென ஓர் அரசாங்கம் வேண்டும் என்பது அவர் கணக்கு. அதுவரை படைவீரர்களின் இயக்கமாக இருந்ததில் தோட்டத் தொழிலாளர்களும் கடைப் பையன்களும் பெண்களும் சேர்ந்தது இதற்குப் பிறகுதான். சிங்கப்பூரில் மருத்துவராக இருந்த லட்சுமி சுவாமிநாதன் தலைமை ஏற்ற ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் வாட்டர்லூ தெருவில் இருந்தது. அதில் சேர்ந்த தமிழ்ப் பெண்களில் பலர் இந்திய மண்ணை அதற்குமுன் கண்ணால் கண்டதே இல்லை.

இந்திய தேசிய ராணுவமும் ஜப்பானும் கூட்டாளிகள் என்று பாடப்புத்தகம் ஒரு வரியில் முடித்துவிடும். என் கணிப்பில், ஒரே எதிரியைக் கொண்ட இருவர் வெவ்வேறு நோக்கத்தோடு ஒரே வண்டியில் ஏறிய பயணம் அது. ஜப்பானுக்கு வேண்டியது பர்மா எல்லையில் பிரிட்டனுக்கு ஒரு தலைவலி. போஸுக்கு வேண்டியது தில்லிக்குப் போகும் வழி. 1944 மார்ச் தொடங்கி ஜூலை வரை இந்தியாவின் வடகிழக்கு எல்லையில் நடந்த இம்பால் போரில் இரண்டு பேரின் கணக்கும் பொய்த்துப்போனது. துப்பாக்கிக் குண்டைவிடப் பசியும் மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும்தான் அங்கே அதிகம் பேரைக் கொன்றன. உங்கள் தாத்தாவின் காலில் இருந்த ஆறாத புண் அந்தக் காடுகளில் வாங்கியதாக இருக்கலாம்.

கிராஞ்சியின் கூட்டணியையும் இதே கண்ணோடு பாருங்கள். பிரிட்டிஷ் முடியாட்சியின் பணியில் ஒன்றுபட்ட பல இனத்தவர் என்றும், சுதந்திர மனிதர் அனைவருக்காகவும் மாண்டவர்கள் என்றும் அந்த நினைவகத்தில் எழுதியிருக்கிறது. அந்தச் சுவரில் இருக்கும் இந்தியருள் ஒருவர்கூடத் தம் சொந்த நாட்டில் சுதந்திர மனிதராக வாழ்ந்தவர் இல்லை. இதைச் சொல்வது அவர்களின் வீரத்தைக் குறைப்பதாகாது. தாம் அனுபவிக்காத ஒன்றுக்காக உயிரைக் கொடுத்தவர்கள் என்பதால் என் மதிப்பு கூடுகிறது.


தோட்டத்துப் பேத்தி எழுதியது:

ஆசிரியர் ஐயா எழுதியதை மரியாதையோடு இரண்டு முறை வாசித்தேன். எல்லாம் உண்மைதான். ஆனால் அதில் ஒரு பெரிய கூட்டத்தையே காணவில்லை. அந்தக் கூட்டத்திலிருந்து வந்தவள் என்பதால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் பாட்டி பேராக்கில் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய அப்பாவையும் இரண்டு சித்தப்பாக்களையும் ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, ரயில் பாதை போட அழைத்துப் போனார்கள். மூன்று மாத வேலை, நல்ல சம்பளம், போய்விட்டு வந்துவிடலாம் என்றுதான் முதலில் சொன்னார்களாம். போனவர்கள் திரும்பாததைக் கண்டு ஆட்கள் மறுக்கத் தொடங்கியதும், லாரியைக் கொண்டுவந்து நிறுத்தி ஏற்றிப் போனார்கள். மூவரில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. பாட்டி கடைசிவரை வீட்டில் மூன்று கைப்பிடி அரிசி அதிகம் போட்டு வடித்தார். நான் சிறுமியாக இருந்தபோது, விருந்தாளி யாரோ வரப்போகிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

சயாமையும் பர்மாவையும் இணைத்த, 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. அதைப் போடும்போது மாண்ட போர்க்கைதிகள் ஏறத்தாழ 13,000 பேர் என்று போர்க் கல்லறை ஆணையம் சொல்கிறது. மாண்ட ஆசியத் தொழிலாளர்களோ 80,000 முதல் 1,00,000 வரை இருக்கும் என்பது அதே ஆணையத்தின் மதிப்பீடு. அவர்களுள் மலாயாத் தோட்டத் தமிழர்கள் பெரும் பகுதி. கைதிகளுக்குக் கல்லறை இருக்கிறது, பெயர் இருக்கிறது, படை எண் இருக்கிறது. நம்மவர்களுக்கு எண்ணிக்கைகூட உறுதியாக இல்லை.

அந்தப் பாதை எதற்காகப் போடப்பட்டது என்பதையும் ஈசூன் சகோதரி பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும். கடல்வழி ஆபத்தாகிவிட்டதால், பர்மாவில் இருந்த ஜப்பானியப் படைக்கு ஆளும் உணவும் வெடிமருந்தும் தரைவழியாகக் கொண்டு சேர்ப்பதற்காக. அந்த பர்மாவிலிருந்துதான் அடுத்த ஆண்டு இம்பாலுக்குப் புறப்பட்டார்கள். அதாவது, ஒரு தோட்டத்திலிருந்து அண்ணன் பாதை போடப் போய்ச் செத்தான்; அதே தோட்டத்திலிருந்து தம்பி, அந்தப் பாதையை நம்பி நடந்த போருக்கு நேதாஜியின் படையில் போனான். இரண்டு பேரையும் ஒரே கங்காணி வரிசையில் நிறுத்திப் பேர் எழுதியிருப்பார். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்னொன்றும் சொல்வார்கள். படையில் சேர்ந்துவிட்டால் சயாமுக்குப் பிடித்துப்போக மாட்டார்கள், சோறும் கிடைக்கும் என்று சேர்ந்த இளைஞர்களும் உண்டு. நேதாஜியின் பேச்சைக் கேட்டு உடம்பு சிலிர்த்துச் சேர்ந்தவர்களும் உண்டு. இரண்டு காரணமும் ஒரே ஆளிடம் இருந்திருக்கவும் கூடும்.

கூட்டணி என்ற சொல்லை என் பாட்டி ஏற்றுக்கொண்டிருக்க மாட்டார். கையெழுத்துப் போட்டவர்கள் ஒருபுறம், மண்ணுக்குப் போனவர்கள் மறுபுறம். நீங்கள் போகும் இரண்டு நினைவிடங்களிலும் எங்களவர் பெயர் இல்லை. எஸ்பிளனேட்டில் பூ வைக்கும்போது ஒரு பூவைத் தனியாக எடுத்து வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். வேறு எதுவும் வேண்டாம்.


ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதியது:

அம்மா, நீங்கள் சொன்னது சரி. ரயில் பாதையையும் இம்பாலையும் நான் வகுப்பில் எப்போதும் தனித்தனிப் பாடங்களாகவே நடத்தியிருக்கிறேன். இரண்டையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் பாட்டி வடித்த அந்த மூன்று கைப்பிடி அரிசியை நான் மறக்க மாட்டேன்.

ஈசூன் மகளுக்கு ஒரு சிறு யோசனை. நேரமும் அப்பாவின் உடம்பும் இடம் கொடுத்தால், எஸ்பிளனேட் பூங்காவிலிருந்து பீச் ரோட்டில் இருக்கும் பொதுமக்கள் போர் நினைவுச்சின்னம் வரை போய்வாருங்கள். 1967 பிப்ரவரி 15ஆம் தேதி அன்றைய பிரதமர் லீ குவான் யூ திறந்துவைத்தது. சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்றவர் என்று நான்கு இனத்தவரைக் குறிக்கும் நான்கு தூண்கள் உயரே போய் நிற்கும். அடியில், அடையாளம் தெரியாத பொதுமக்களின் எச்சங்கள் தாழிகளில் வைக்கப்பட்டிருக்கின்றன. படை எண் இல்லாதவர்களுக்காக இந்தத் தீவில் எழுப்பிய சின்னம் அதுதான்.


ஈசூன் மகள் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. போய்வந்துவிட்டோம். உங்கள் பதில்கள் இல்லாவிட்டால் இந்த நாள் வேறு மாதிரி இருந்திருக்கும் என்பதால், நடந்ததை எழுதுவது என் கடமை.

சனிக்கிழமை நடை அண்ணன் சொன்னபடி முன்னதாகவே இணையத்தில் தேடினேன். பெயரைக் கொடுத்தபோது கிடைக்கவில்லை. படை எண்ணைக் கொடுத்ததும் வந்தது. எங்கள் பாட்டி வீட்டில் சொல்லும் பெயரில் இரண்டு எழுத்து குறைந்து, ஓர் எழுத்து மாறியிருந்தது. தந்தை பெயரும் வட ஆற்காடு என்பதும் சரியாக இருந்தன. பாட்டியின் அண்ணன் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தப் பிழையான எழுத்துகளோடு அங்கே இருந்திருக்கிறார்; நாங்கள் பதினைந்து நிமிட ரயில் தொலைவில் குடியிருந்தும் தெரியாமல் இருந்திருக்கிறோம்.

காலை எட்டரை மணிக்கெல்லாம் கிராஞ்சியில் இருந்தோம். முதல் நாள் மழையில் புல் ஈரமாக இருந்தது. அப்பா படியேறும்போது மூன்று இடத்தில் நின்றார். தூணைக் கண்டுபிடித்தது மகன். தொடக்கநிலை ஐந்தில் படிப்பவன். பெயர் அவன் கைக்கெட்டும் உயரத்திலேயே இருந்தது. எழுத்தின் பள்ளத்தில் விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாக ஓட்டிவிட்டு, விடுபட்ட இரண்டு எழுத்தையும் காற்றில் எழுதிக் காட்டினான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அம்மா இருந்திருந்தால் அதைப் பார்த்திருப்பார். தகன நினைவிடத்துக்கும் போனோம். அங்கே எங்களைத் தவிர யாரும் இல்லை. ஆசிரியர் ஐயா குறிப்பிட்ட, சுதந்திர மனிதர் அனைவருக்காகவும் என்ற வாசகத்தை மகள் பார்த்துவிட்டு, “அப்போது இவர்களுக்கு அது இல்லையே” என்றாள். நான் பதில் சொல்லவில்லை. அவளே புரிந்துகொண்டதில் நான் சேர்க்க எதுவும் இருக்கவில்லை.

சிட்டி ஹாலுக்கு வரும் ரயில் எங்கள் ஈசூனைத் தாண்டித்தான் வருகிறது. நிலையத்தில் கதவு திறந்தபோது, களைப்பாக இருந்தால் வீட்டுக்குப் போய்விடலாமா என்று அப்பாவைக் கேட்டேன். “அவர் பக்கம் போனோம், என் அப்பா பக்கம் போகாமல் வீட்டுக்குப் போவதா?” என்றார்.

எஸ்பிளனேட் பூங்காவில் அந்த அடையாளப் பலகை முன்னால் நின்றபோது அவர் சற்றுத் தடுமாறினார். கிராஞ்சியில் கையை வைக்க ஒரு பெயர் இருந்தது; இங்கே யாருடைய பெயரும் இல்லை. சாமந்தியைக் கையில் வைத்துக்கொண்டே வெகுநேரம் நின்றார். பிறகு தாத்தாவின் பெயரையும், அவர் அப்பாவின் பெயரையும், தோட்டத்தின் பெயரையும், அவர்கள் குடியிருந்த லயத்தின் எண்ணையும் சத்தமாகச் சொல்லிவிட்டுப் பூவை வைத்தார். அந்தக் காலத்தில் தோட்டத்து ஆபீசில் பேர் கொடுக்கும்போது அப்படித்தான் சொல்வார்களாம். இது எனக்கு அதுவரை தெரியாது. தாத்தா ஏன் படையில் சேர்ந்தார் என்று மகள் அங்கேயே அவரிடம் கேட்டாள். பேச்சைக் கேட்டுச் சேர்ந்ததாகத் தாத்தா ஊராரிடம் சொல்வாராம். சயாமுக்குப் பிடித்துப் போகாமலிருக்கச் சேர்ந்ததாக வீட்டில் பாட்டியிடம் சொல்வாராம். “இரண்டும் உண்மைதான், தாயி” என்றார் அப்பா.

தோட்டத்துப் பேத்தி அவர்களுக்கு: நீங்கள் கேட்டபடி வைத்தோம். ஒன்றில்லை, மூன்று. அப்பா சொல்லித்தான் மூன்று. உங்கள் பாட்டியின் அப்பா பெயரும் சித்தப்பாக்களின் பெயர்களும் தெரியாததால், பேராக்கிலிருந்து போன மூவர் என்று மட்டும் சொன்னார்.

பீச் ரோடு வரை அன்று அவரால் நடக்க முடியவில்லை. பிப்ரவரி 15ஆம் தேதி, முழுமைத் தற்காப்பு நாளன்று, அங்கே நடக்கும் நினைவு நிகழ்வுக்கு அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிறகு, அந்த ரயில் பாதை போன தாய்லாந்தின் காஞ்சனபுரிக்கும் போக வேண்டும் என்கிறார். வயதானவரை அழைத்துக்கொண்டு பாங்காக்கிலிருந்து அங்கே போய்வந்தவர்கள் இருந்தால், எத்தனை நாள் தேவைப்படும், எங்கே தங்கலாம் என்பதைத் தயவுசெய்து எழுதுங்கள்.